அவனுக்கு இருக்கிறது அது ஒண்ணுதானே

என் தம்பியின் சட்டைகளில் நெஞ்சுப் பக்கம் மட்டும் பொடிப்பொடியாய் ஓட்டை இருக்கும். பூச்சி அரித்தது இல்லை, பீடிப் பொறி. சிகரெட் மாதிரி பீடி தானாக எரிந்துகொண்டிருக்காது. இழுக்காமல் வைத்திருந்தால் அணைந்துவிடும். மாத்திரை அசதியில் தலை தொங்கும், பீடி அணையும், திடுக்கிட்டு விழித்து மறுபடி பற்றவைப்பான், கங்கு உதிர்ந்து மார்பில் விழும். அம்மா இருந்தவரை அந்த ஓட்டைகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் தைப்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு வருஷம் தீபாவளிக்கு எடுத்த சட்டை கார்த்திகைக்குள் சல்லடையாகிவிட்டது.

நான் அலங்காநல்லூர்க்காரி. முப்பது வருஷம் அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவள். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் வாடிவாசல். எங்கள் வீட்டுக்கு அது சர்க்கரை ஆலை ஊர். அப்பா கூட்டுறவு ஆலையில்தான் வேலை பார்த்தார். அரவை நின்று சில வருஷம் ஆகிறது. காற்றில் வந்த அந்தப் பாகு வாசனை இப்போது இல்லை. ஆலையை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

தம்பிக்கு 1996இல் நோய் கண்டது. மனச்சிதைவு, ஸ்கிசோஃப்ரினியா என்று சீட்டில் எழுதுவார்கள். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். அம்மா முதலில் கூட்டிப்போனது குணசீலத்துக்கு. பெருமாள் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் இருந்தோம். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஒரு மருந்து கேட்கவில்லை, அடுத்ததும் கேட்கவில்லை, கடைசியில் குளோசபின். வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவுக்கு வைத்திருக்கும் மாத்திரை அது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று ஆரம்பத்தில் வாராவாரம் பரிசோதிக்க வேண்டும். பார்த்தோம். குரல்கள் முழுக்கப் போகவில்லை, ஆனால் தூரப் போயின. சாப்பிட்டான், தூங்கினான், என்னை "அக்கா" என்று கூப்பிட்டான்.

பீடி மட்டும் ஏறிக்கொண்டே போனது. கல்லூரிக் காலத்தில் நாளுக்கு நாலைந்து. ஒரு ஆஸ்பத்திரியில் சில மாதம் உள்நோயாளியாக இருந்து திரும்பியபோது ஒரு கட்டு. பிறகு இரண்டு கட்டு. ஒரு கட்டில் இருபத்துச் சொச்சம் பீடி இருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வார்டில் சொன்னபேச்சுக் கேட்டால் பீடி கிடைக்குமாம், அவன் சொன்னது. நான் கோபப்பட்டேன். அப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை யோசித்துப் பார்த்தேன். மாத்திரை போட்டால் ரெண்டு, குளித்தால் ரெண்டு, விருந்தாளி வந்திருக்கும்போது கத்தாமல் இருந்தால் ஒரு கட்டு. இந்த விலைப்பட்டியலை ஆரம்பித்தது அம்மா, தொடர்ந்தது நான்.

யாராவது "இம்புட்டுக் குடிக்கிறானே" என்று கேட்டால் எங்கள் தெருவே ஒரே பதிலைச் சொல்லும்: "விடுங்க டீச்சர், பாவம், அவனுக்கு இருக்கிறது அது ஒண்ணுதானே." கல்யாணம் இல்லை, வேலை இல்லை, சிநேகிதம் இல்லை, பீடியையும் பிடுங்குவானேன்? ஒரு டாக்டரே கிட்டத்தட்ட இதையே சொன்னார். இப்போது நிறுத்தினால் நோய் முற்றும், வேண்டாம் என்றார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. போராட வேண்டியதில்லையே.

2001 ஆகஸ்ட் 6 நினைவிருக்கிறது. ஏர்வாடியில் மனநோயாளிகள் இருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓடவும் முடியாமல் எரிந்து செத்த நாள். அம்மா டிவியைப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போனாள். திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தடவினாள். அவன் கேட்காமலேயே கடைக்குப் போய் ஒரு கட்டு பீடி வாங்கிவந்து கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்த அன்பு அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் "அவர்களுக்குப் புகை தேவை" என்ற பேச்சு தெருவில் தானாக முளைத்தது மட்டும் அல்ல. அமெரிக்காவில் சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் வழக்குகளில் வெளியே வந்தன. அவற்றைப் படித்து ஜூடித் புரோச்சாஸ்காவும் இன்னும் இருவரும் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனச்சிதைவு உள்ளவர்களுக்குப் புகை ஒரு சுயமருந்து, புகையின் கேடு அவர்களை அவ்வளவாகத் தாக்காது என்கிற கருத்துகளுக்குச் சாதகமான ஆராய்ச்சிக்குக் கம்பெனிகள் பணம் கொடுத்திருக்கின்றன. மனநல மருத்துவமனைகளுக்கு சிகரெட் அனுப்பியிருக்கின்றன. அங்கே புகைத்தடை வராமல் பார்த்துக்கொள்ளும் முயற்சிக்குத் துணை நின்றிருக்கின்றன. நல்ல வியாபாரம்தான். வாடிக்கையாளர் வெளியே போக மாட்டார், வேறு பொழுதுபோக்கும் கிடையாது.

தம்பியோடு ஊசி போட வந்துகொண்டிருந்த ஒருவர் இருந்தார். இருவரும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் ஒரே தீக்குச்சியில் பற்றவைப்பார்கள். நாற்பத்தேழு வயதில் போய்ச் சேர்ந்தார். மனநோயால் இல்லை, மாரடைப்பு. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்திலிருந்து இருபது வருஷம் முன்பே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் பெரும்பங்கு இதயம், நுரையீரல், சர்க்கரை போன்ற உடம்பு நோய்கள். பயித்தியம் முற்றிச் சாவார்கள் என்று நாம் பயந்துகொண்டிருக்கிறோம். அவர்கள் நம் எல்லோரையும் போல நெஞ்சடைத்துத்தான் சாகிறார்கள், இன்னும் வெள்ளன.

அந்தச் சாவுக்குப் போய்விட்டு வந்த மாதம், நாங்கள் வழக்கமாகக் காட்டும் இடத்தில் ஒரு புது நர்ஸ். சின்னப் பெண். மாத்திரைச் சீட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "அண்ணே, பீடி எத்தனை? விடணும்னு எப்பவாச்சும் நெனச்சிருக்கீங்களா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். தம்பி முந்திக்கொண்டான். "நெனச்சிருக்கேன். யாரும் கேக்கல."

இருபத்தாறு வருஷம் பக்கத்தில் இருந்தவள் நான். வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

முதல் முயற்சி அந்தப் பொங்கலுக்கு. மாட்டுப்பொங்கலன்று ராத்திரி இருந்த பீடியையெல்லாம் அவனே அடுப்பில் போட்டான். மறுநாள் ஊரே ஜல்லிக்கட்டில் இருந்தது, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. மூன்றாம் நாள் தட்டைத் தூக்கி எறிந்தான். தூக்கம் இல்லை. கூடத்துக்கும் திண்ணைக்கும் நடந்துகொண்டே இருந்தான். நோய்தான் திரும்பிவிட்டது, அந்த டாக்டர் சொன்னது சரிதான் என்று நானே ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கிவந்தேன். பத்து நிமிஷத்தில் அடங்கிவிட்டான். பார்த்தீர்களா, பீடிதான் அவன் மருந்து என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

தப்பு எங்கே என்று பிறகுதான் விளங்கியது. இழுத்த புகையில் உள்ள நிக்கோடின் பத்து, இருபது நொடியில் மூளைக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். பாதியானதும் எரிச்சல், பதற்றம், சோர்வு, எதிலும் மனம் நிற்காமை. அடுத்த பீடி இவற்றை அடக்கும். அடக்குவது பீடி, முந்தி கிளப்பிவிட்டதும் பீடி. சிரங்கைச் சொறிவது சுகம்தான், ஆனால் சிரங்கு இல்லாதவனுக்கு அந்தச் சுகம் எதற்கு? விட்டவுடன் வரும் இந்த அவஸ்தை முதல் வாரத்தில் உச்சத்தில் இருந்து மூன்று நான்கு வாரத்தில் தணியும். சாதாரண ஆளுக்கு வந்தால் "பீடியை விட்டிருக்கான், அதான் கடுகடுன்னு இருக்கான்" என்போம். மனநோய் உள்ளவனுக்கு வந்தால் "முத்திருச்சு" என்கிறோம். என் தம்பி தட்டை எறிந்தபோது காதில் குரல் கேட்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பான்.

புகையை விட்டவர்களின் மனநிலையை விடாதவர்களோடு ஒப்பிட்ட 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். விட்டவர்களுக்குச் சில வாரம் கழித்துப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. ஏற்கெனவே மனநோய் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். நான் முப்பது வருஷம் பாடம் எடுத்த ஆள், ஒரு முடிவை உடனே நம்ப மாட்டேன். இதை இரண்டு தடவை படித்தேன்.

இரண்டாவது முயற்சிக்கு வழி பீடிக்கட்டிலேயே இருந்தது. அந்த அருவருப்பான படத்துக்குக் கீழே ஒரு எண் அச்சடித்திருக்கும், 1800-11-2356. மத்திய அரசின் இலவச எண், 2018இலிருந்து பாக்கெட்டுகளில் வருகிறது. தென்மாநில மொழிகளுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலிருந்து பேசுகிறார்கள். தமிழில் பேசலாம். நான் மனநோயைச் சொல்லத் தயங்கினேன். தம்பி ஸ்பீக்கரில் அவனே சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்தவர் தயங்கவில்லை. எந்த நேரத்துப் பீடியை விடுவது ரொம்பக் கஷ்டம், யாரோடு சேர்ந்தால் குடிக்கத் தோன்றும், எந்தத் தேதியில் நிறுத்தலாம் என்று கேட்டுக்கொண்டே போனார். மனநல டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. அதற்கான தண்டனை பின்னால் வந்தது.

இந்தத் தடவை ஒரேயடியாக வேண்டாம், குறைத்துக் குறைத்து நிறுத்துவது என்று முடிவு செய்தோம். மனநோய் உள்ளவர்களுக்கு அப்படிச் செய்வதில் தவறில்லை. இங்கிலாந்தில் ஸ்கிமிட்டார் பிளஸ் என்று ஓர் ஆய்வு நடத்தி 2019இல் வெளியிட்டார்கள். கடும் மனநோய் உள்ள 526 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான உதவி. இன்னொரு பாதிக்குப் பயிற்சி பெற்ற மனநலப் பணியாளர் வீட்டுக்கே போய், அவசரப்படுத்தாமல், முதலில் குறைக்க விட்டு, சறுக்கினால் மறுபடி ஆரம்பித்து உதவினார். ஆறு மாதத்தில் இரண்டாம் பாதியில் 14 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், முதல் பாதியில் 6. ஒரு வருஷத்தில் 15, 10. பெரிய எண் இல்லைதான். நூற்றுக்கு எண்பத்தைந்து பேரால் முடியவில்லை என்றும் அதைப் படிக்கலாம். ஆனால் "இவர்களால் முடியவே முடியாது" என்று சொன்ன கூட்டத்துக்கு அந்தப் பதினைந்து பேர் பதில்.

வீட்டில் என் பழைய விலைப்பட்டியலைக் கிழித்தேன். மாத்திரைக்குப் பீடி கிடையாது, குளியலுக்குப் பீடி கிடையாது. ஒரு நோட்டுப் போட்டு அவனே கோடு கிழித்தான். நாற்பத்தைந்து, நாற்பது, முப்பத்திரண்டு. நடுவில் ஒருநாள் ஐம்பது. அந்த ஐம்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தான்.

நிக்கோடின் சூயிங்கம் வாங்கினோம். 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் சும்மாவே கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேண்டும். முதல் நாள் அவன் அதை வெற்றிலை மாதிரி மென்று முழுங்கினான். விக்கல், நெஞ்செரிச்சல். "இதுக்குப் பீடியே தேவலக்கா." அந்த இலவச எண்ணில் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அதை மெல்லக் கூடாது, ஒதுக்க வேண்டும். நாலைந்து கடி, நாக்கில் மிளகுக் காரம் தட்டியதும் நிறுத்து. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வை. காரம் போனால் மறுபடி நாலு கடி, இந்தத் தடவை அந்தப் பக்கம். இப்படி அரை மணி நேரம். முழுங்கினால் வயிற்றுக்குப் போய் வீணாகும், வாயின் சவ்வு வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும். டீயோ காப்பியோ குடித்த கையோடு போட்டால் சரியாகச் சேராது, கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். "பைய மெல்லு, பைய மெல்லு" என்று நான் சொல்லிச் சொல்லி, இப்போது அவன் என்னைக் கிண்டல் பண்ண அதையேதான் சொல்கிறான்.

ஆடி மாதக் கடைசியில் பீடி முழுதாக நின்றது. முதல் வாரம் நன்றாகவே போனது. இரண்டாம் வாரத்தில் காலை பத்து மணி வரை எழுந்திருக்கவில்லை. தலையணை எச்சிலில் நனைந்து கிடந்தது. எழுந்தால் கிறுகிறுவென்று சுவரைப் பிடித்தான். கொல்லைப்படியில் தடுக்கி விழுந்து முழங்கையில் தோல் உரிந்தது. பீடிப் பதற்றம் போய் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பீடிய எப்ப நிறுத்துனீங்க?"

இங்கேதான் ஆலை வருகிறது. அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் ஊர் எல்லை வரை நின்றால் ஆலையில் கூடுதல் ஆள் போடுவார்கள். புகையில் உள்ள கரிப்பொருள்கள் கல்லீரலுக்குள் போனால் அங்கேயும் அதுதான் நடக்கிறது. அவற்றை உடைக்க ஒரு நொதி, சிஒய்பி1ஏ2 என்று பெயர், கூடுதலாக உற்பத்தியாகிறது. குளோசபினை உடைப்பதும் அதே நொதிதான். ஒலான்சபினையும் அதுதான் பெருமளவு உடைக்கிறது. ஆகவே பீடி குடிக்கிறவன் உடம்பில் மாத்திரை வேகமாகத் தீர்ந்துபோகும், டாக்டரும் அதற்கேற்ப அளவைக் கூட்டி வைத்திருப்பார். பீடியை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள் அந்தக் கூடுதல் ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மாத்திரையோ பழைய அளவிலேயே உள்ளே வருகிறது. ரத்தத்தில் மருந்து ஒன்றரை மடங்காகும், சிலருக்கு அதற்கும் மேலே போகும். எச்சில், மயக்கம், மலச்சிக்கல், மோசமானால் வலிப்பு. டாக்டர் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொன்னார், மாத்திரையைக் குறைத்தார், பத்து நாளில் தம்பி தம்பியானான். முன்கூட்டியே சொல்லியிருந்தால் முதல் வாரத்திலேயே குறைக்க ஆரம்பித்திருக்கலாம் என்றார்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் கல்லீரல் பாடம் எடுத்தவள் நான். படம் வரைந்து பாகம் குறித்து, அழகாக.

இதில் இரண்டு விஷயம் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். நொதியைக் கூட்டுவது புகைதான், நிக்கோடின் இல்லை. அதனால் சூயிங்கமோ தோலில் ஒட்டும் பட்டையோ மாத்திரைக் கணக்கைக் கெடுக்காது. இன்னொன்று, தலைகீழாகவும் நடக்கும். பீடி கிடைக்காத வார்டில் அளவு பார்த்து மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் பழையபடி இரண்டு கட்டு. சில வாரத்தில் மருந்து இறங்கிவிடும், குரல்கள் திரும்பும். "மாத்திரை ஒழுங்காப் போடல" என்று அவன் மேல் பழி விழும். நாங்களும் அப்படிப் பழி போட்டிருக்கிறோம். பல வருஷம்.

சூயிங்கம் போதாதவர்களுக்கு மாத்திரைகளும் உண்டு. வரெனிக்லின், புப்ரோப்பியான். இவை மனநோயைக் கிளறிவிடும் என்று முன்பு ஒரு பயம் இருந்தது. அதைச் சோதிக்க 16 நாடுகளில் எட்டாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து ஈகிள்ஸ் என்ற ஆய்வு நடந்தது. பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவற்றால் மனநலச் சிக்கல் சொல்லும்படியாகக் கூடவில்லை என்று 2016இல் லான்செட்டில் முடிவு வந்தது. அமெரிக்க மருந்து ஆணையம் அட்டையில் போட்டிருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையை அந்த டிசம்பரில் எடுத்துவிட்டது. ஆனால் புப்ரோப்பியான் வலிப்பைத் தூண்டக்கூடியது, குளோசபினும் அப்படியே. தம்பிக்கு அது வேண்டாம் என்று டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கடையில் நாமாகக் கேட்டு வாங்குகிற மருந்து இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நடு ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலிமானஸ், தமிழில் பேசலாம்.

கதை நேராகப் போகவில்லை. புரட்டாசியில் பங்காளிகள் குலசாமி கும்பிட்டார்கள். எங்கள் கருப்பு சுருட்டுக் குடிக்கிற சாமி. படையலில் வாழையிலை, கறி, சாராயம், பற்றவைத்த சுருட்டு. தம்பி அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பந்தி முடிந்ததும் சித்தப்பா மகன் ஒருத்தன் பாசமாக ஒரு பீடியை நீட்டி, "இருக்கட்டும்டா, இன்னைக்கு ஒருநா" என்றிருக்கிறான். ஒன்று ஆறாகி, ஆறு வாரத்துக்கு நீண்டது. நான் திட்டவில்லை என்று எழுத ஆசைதான். திட்டினேன். அவன் நோட்டைத் திறந்து கோடு கிழிக்க ஆரம்பித்தான். மாத்திரை அளவை மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டருக்கு இந்தத் தடவை அவனே போன் பண்ணினான்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் மீண்டும் நிறுத்தினான். இன்றைக்குப் பதினொரு மாதம். குரல் எப்போதாவது கேட்கிறது, பீடி குடித்தபோதும் கேட்டதுதான். கண்மாய்க்கரை வரை நடந்துவிட்டு மூச்சு வாங்காமல் திரும்புகிறான். நாளுக்கு ஐம்பது ரூபாய் மிச்சம், அதை என்னிடம் தராமல் அவனே வைத்துக்கொள்கிறான்.

இப்போது எங்கள் வீட்டுச் சண்டை டீயைப் பற்றி. காஃபினை உடைப்பதும் அதே நொதிதான். கூடுதல் ஆட்கள் போன பிறகு டீயும் உடம்பில் ரொம்ப நேரம் தங்குகிறது, தூக்கம் கெடுகிறது. பஸ் ஸ்டாண்டு கடையில் ஆறு டீ குடிப்பவனை மூன்றாக்கச் சொல்கிறேன்.

"பீடியத்தான் விட்டாச்சுல்ல. டீயையுமாக்கா?"

"நான் சொல்லல, கல்லீரல் சொல்லுது."

"அப்ப கல்லீரல்கிட்டயே பேசிக்கிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கேட்பதற்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான், பார்த்தேன்: ஆறு டீ. நாலுக்குச் சம்மதம். மூணு முடியாது.